கீழ்ப்பக்கத்து எட்டு நானோமீட்டர்

பிப்ரவரி 4, சனி

பயணக் குறிப்பு எழுதிவைத்தால் ஊர் திரும்பியதும் அலுவலகத்துக்கு அறிக்கை தயாரிக்க உதவும் என்பதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் வழக்கம் கிடையாது.

இன்று மதியம் தாலின் வந்து சேர்ந்தேன். எஸ்டோனியா நாட்டின் தலைநகர். கிளம்பும்போது என் மனைவி செண்பகவல்லி, "தாலினா? பாத்துங்க, போன எடத்துல யாருக்கும் கட்டிட்டு வந்துறாதீங்க" என்றாள். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் காதில் விழும்படி. பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிற ஆசிரியைக்கு இந்த விளையாட்டுப் பேச்சு எதற்கு என்று தெரியவில்லை.

வெளியே கண்ணுக்கெட்டிய வரை பனி. ஆபீஸில் பயமுறுத்திய அளவுக்குக் குளிர் ஒன்றுமில்லை. ஓட்டல் அறைக்குள் ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அதன்மேல் போர்வை, தலைக்கு மங்கி குல்லா என்று உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான்.

பிப்ரவரி 5, ஞாயிறு

நாளை இணையச் சேவைகளுக்கான சர்வதேசத் தர நிர்ணயக் கூட்டம். அறிக்கைக்காக விஷயத்தை ஒரு தடவை தெளிவாக எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வருகிற கண்ணாடி இழை ஒன்றுதான். அதற்குள்ளேயே பழைய இணையம், புதிய இணையம், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கக் காரணம், ஒவ்வொன்றும் வேறு வேறு நிறத்து ஒளியில் போவதுதான். கண்ணுக்குத் தெரியாத நிறங்கள். நானோமீட்டர் கணக்கில் அளக்கிறோம். ரேடியோவில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் இடம் இருப்பதுபோல, ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அலைநீளப் பட்டை. எது எங்கிருந்து எங்கு வரை என்று எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் வீட்டில் மாட்டுகிற இணையப் பெட்டியை உலகம் முழுக்க ஒரே மாதிரி செய்யலாம். இல்லாவிட்டால் ஊருக்கொரு பெட்டி, யானை விலை.

இப்போது வரப்போகிற புதிய வேகச் சேவைக்குப் பட்டை ஒதுக்க வேண்டும். எங்கள் கம்பெனி கேட்பது 1290 முதல் 1310 வரை. இருபது நானோமீட்டர் அகலம். நார்வேக்காரர்கள் 1298 முதல் 1302 வரை மட்டும் போதும் என்கிறார்கள். வெறும் நாலு.

நாலு போதுமா? அவர்கள் ஊரில் போதும். பெட்டிக்குள் இருக்கிற லேசர் சூடேறினால் அதன் நிறம் மெல்ல மேலே நகரும். பத்து டிகிரிக்கு ஒரு நானோமீட்டர். போன மே மாதம் எங்கள் தெருவில் நாலு நானோமீட்டர் பெட்டிகளைச் சோதனைக்குப் போட்டோம். வெயில் ஏற ஏற வீடு வீடாக இணைப்பு போனது. செண்பகம் விடுமுறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பாடத்தின் நடுவே திரை உறைந்தது. பிள்ளைகள் பார்த்தது பாதி திறந்த அவள் வாயைத்தான். எதிர்வீட்டு தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்று, "சார், உங்க இன்டர்நெட்டுக்கு மதியத் தூக்கமா?" என்று கேட்டார். மூன்று வாரம் அந்த மனிதர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

பொது மேலாளர் ரகோத்தமன் சார் என்னை வழியனுப்பும்போது சொன்னது: "மாரியப்பன், இருபதுல ஒண்ணுகூடக் குறையக் கூடாது. நீங்க விடாக்கண்டன். அதான் உங்கள அனுப்புறேன்." பெரிய பாராட்டு. நல்லபடியாக முடித்துவந்தால் எனக்கும் ஒரு நல்ல சேதி இருக்கிறது என்று சூசகமாகச் சொன்னார். பதவி உயர்வாக இருக்கலாம். நான் அதைப் பற்றி நினைப்பதே இல்லை.

பிப்ரவரி 6, திங்கள்

முதல் நாள். கூட்டத் தலைவர் போர்ச்சுகல்காரர், அல்மெய்டா என்று பெயர். சாதுவான மனிதர், அவருக்கு மதியச் சாப்பாடு எப்போது என்பதுதான் முக்கியம். என் பெயர் தங்கமாரியப்பன் என்று எழுதிய அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு "திரு. தங்கா" என்றார். அதோடு எல்லோருக்கும் நான் தங்கா ஆகிவிட்டேன்.

நார்வே சார்பில் வந்திருப்பவர் ஒரு பெண்மணி. டாக்டர் சுகிர்தா இராசநாயகம். பெயரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே அந்தப் பக்கம் போய்விட்டாராம். ஐம்பது வயது இருக்கும். வேறு வர்ணனை தேவையில்லை. (இதைச் செண்பகம் படிக்க நேர்ந்தாலும் ஒன்றுமில்லை.)

தமிழ் ஆள்தானே, தனியாகப் பேசி முடித்துவிடலாம் என்று காபி மேசைக்குப் போனேன்.

"வணக்கம் மேடம். உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஏன் பேசப் போறியள்? நான் என்ன பிழை விட்டனான்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா பேசலாம்னுதான்."

"சும்மாவும் பேசுவியளோ?" என்றார். பிறகுதான் சிரித்தார். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவதாம். நாம் பேசுவதை அவர்கள் 'கதைக்கிறது' என்பார்களாம். "கதைக்கிறதெண்டால் கதைப்பம். பேசுறதெண்டால் பேந்து பாப்பம்." பேந்து என்றால் பிறகு என்று அர்த்தமாம்.

நான் கதை பேச வரவில்லை, வேலையாக வந்திருக்கிறேன் என்பதைச் சற்று விறைப்பாகவே தெரிவித்தேன். "ஓம்" என்றார். அது சாமி கும்பிடுவதல்ல, 'ஆமாம்' என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மாலை வரை ஆனது.

மதியம் என் உரை. வெப்பநிலை அட்டவணையைத் திரையில் போட்டேன். குளிர்ப்பக்கம் மைனஸ் பத்து டிகிரி, சூட்டுப்பக்கம் எண்பது. நடுவே 1300 என்றால் குளிரில் கீழே இறங்க இடம், சூட்டில் மேலே ஏற இடம், லேசர் செய்யும்போது வருகிற கூடக்குறைவுக்கு இடம், கொஞ்சம் பாதுகாப்பு. ஆகமொத்தம் மேலே பத்து, கீழே பத்து. அரைமணி நேரம் முழங்கினேன். உரை முடிந்ததும் அறையில் முழு அமைதி. நல்ல தாக்கம் என்று நினைக்கிறேன். அல்மெய்டா கண்விழித்து நன்றி சொன்னார்.

சுகிர்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த அட்டவணை எங்கே அளந்தது? "களத்தில்" என்றேன். களம் என்பது பரந்த சொல்.

பிப்ரவரி 7, செவ்வாய்

இன்று குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. கொண்டுவந்த காராச்சேவு தீர்ந்துவிட்டது. பெரும்பகுதியைக் கண்ணீர் விட்டபடியே அல்மெய்டா சாப்பிட்டார்.

பிப்ரவரி 8, புதன்

நேற்று ஒன்றுமில்லை என்று எழுதியது முழுக்கச் சரியல்ல.

நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டலைச் சுற்றி ஒரு நடை போகலாம் என்று சுகிர்தா கூப்பிட்டார். எதிர்த்தரப்பு கூப்பிட்டால் மறுக்கக் கூடாது என்று போனேன். பத்தடி நடந்ததும் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது.

"சரியாக் குளிருதோ?" என்று கேட்டுத் தன் கழுத்துத் துணியைக் கழற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், மறுத்தால் மரியாதையாக இருக்காது.

அவர் தன் நாட்டைப் பற்றிச் சொன்னார். வடக்கே தீவுகள். மூன்று தீவுக்கு ஒரு டாக்டர். நோயாளியின் படங்களை இழை வழியாக அனுப்பித்தான் வைத்தியம். அந்தப் பழைய சேவை ஓடுவது நான் கேட்கிற பட்டைக்குக் கொஞ்சம் கீழே. "1298-க்குக் கீழ உங்கட வெளிச்சம் வந்து விழுந்தா, எங்கட பழைய பெட்டியளுக்கு ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும். டொக்டர் இருட்டிலை நிக்க வேண்டியதுதான்."

என் பங்குக்கு நானும் சாத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. வெயில், மொட்டைமாடிச் சுவர், மதியத் தூக்கம் போடும் இணையம். பெருமையாகவே சொன்னேன்: "எங்க ஊர்ல மார்கழியிலகூட ஃபேன் ஓடும் மேடம். போர்வைன்னு ஒண்ணு வீட்ல இருக்கும், கொசுவுக்காக."

அவர் நின்றுவிட்டார்.

"குளிரே இல்லையோ?"

"குளிரா? எங்க ஊர்லயா?"

"அப்ப உங்களுக்குக் கீழ்ப்பக்கம் பத்து என்னத்துக்கு?"

பனியில் நின்றுகொண்டு அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த மாதாகோயில் கோபுரத்தைப் பார்த்தேன். நல்ல வேலைப்பாடு. அதைப் பற்றி விசாரித்தேன்.

அறைக்கு வந்ததும் செண்பகத்துக்குச் செய்தி அனுப்பினேன். மாடிச் சுவரில் இருக்கிற பெட்டியின் சூட்டை விடியும்போது ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை அளந்து சொல்லும்படி. பள்ளி ஆய்வகத்துத் தெர்மாமீட்டர் போதும். காரணம் சொல்லவில்லை. விடியற்காலையில் எப்படியும் கொஞ்சம் குளிராமலா போய்விடும்?

இன்று காலை போன் செய்தாள். "விடியுறப்ப இருபத்தொம்பது."

"சரியாப் பாத்தியா? பனி விழலையா?"

"என்னங்க, குளிரணும்னு நேர்ந்துக்கிட்டிருக்கீங்களா? கரண்ட்ல ஓடுற பெட்டி. ராத்திரியிலயும் உள்ளுக்குள்ள சூடாத்தான இருக்கும். நேத்து ஸ்கூல் விட்டு வந்து பாத்தப்பவே சுவத்துல கை வைக்க முடியல. ஐம்பத்தெட்டு. சித்திரைக்கு இன்னும் ஒரு இருபது சேத்துக்கங்க. எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா மூணு தடவை மெசேஜ் போட்டீங்க?"

அதன்பிறகு ரகோத்தமன் சாரைக் கூப்பிட்டேன். அந்த மைனஸ் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "லேசர் விக்கிறவன் குடுத்த தாள்ல இருந்துச்சு, அப்படியே போட்டோம்" என்றார்.

"சார், நமக்குக் கீழ்ப்பக்கம் தேவையே இல்லைன்னு தோணுது."

"தேவையில்லன்னு எனக்கும் தெரியும்யா. இருபது கேட்டாத்தான் பத்தாவது குடுப்பான். சந்தைக்குப் போய் கத்திரிக்காய் வாங்குனது இல்லையா நீங்க? விடாதீங்க."

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பெரிய அதிகாரி எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாதுதான். மற்றபடி, கத்திரிக்காய் வாங்குவது செண்பகம்.

மதியம் கருத்துக் கேட்டார்கள். பாதிக் கை எங்களுக்கு, பாதிக் கை அவர்களுக்கு. அல்மெய்டா முதல்முறையாகச் சாப்பாட்டை மறந்து பேசினார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உடன்பாடு இல்லாவிட்டால் இந்தப் பகுதியையே எடுத்துவிடுவார்; அவரவர் நாட்டுக்கு அவரவர் பட்டை. அப்படியானால் எங்கள் மாதிரிச் சின்னக் கம்பெனிக்குத் தனியாகப் பெட்டி செய்துதர எவன் வருவான்? சாத்தூருக்குப் புதிய சேவையே வராது.

நான் எழுந்து, எங்கள் நிலையில் மாற்றமில்லை என்றேன். சுகிர்தாவும் அதையே சொன்னார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை.

கழுத்துத் துணியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வியாழன்

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். துணியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன்.

"இருங்கோ" என்றார். உட்கார்ந்தேன்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "நீங்க என்னைப் பேசலாம் மேடம். உங்க ஊர் அர்த்தத்துல" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விடியுறப்ப இருபத்தொம்பது. என் சம்சாரம் அளந்தா. எங்களுக்குக் கீழ்ப்பக்கம் எட்டு நானோமீட்டர் வேண்டாம். லேசர் செய்யறப்ப வர்ற கூடக்குறைவுக்கு ஒரு ரெண்டு இருந்தாப் போதும். 1298-லயே ஆரம்பிக்கலாம். ஆனா மேல்பக்கம் நிசமாவே வேணும். சித்திரை வெயில்ல பெட்டி எண்பதைத் தொடும். அது பேரத்துக்குச் சொல்றது இல்ல."

சொல்லி முடித்ததும் எனக்கு வியர்த்தது. இந்த ஊருக்கு வந்தபிறகு முதல் தடவை.

அவர் காகிதத் துடைப்பானில் ஒரு கோடு போட்டு, 1298 என்று எழுதினார். மறுமுனையில் ஒன்றும் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"உங்கட ஜீ.எம்முக்குத் தெரியுமோ?"

"என்ன தெரியும்?"

"நீங்கள் இப்ப எனக்குச் சொன்னது."

"அவருக்குத் தெரியும். நான் சொன்னேங்கிறதுதான் தெரியாது."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நானும் ஒண்டு சொல்லோணும். மேல்பக்கத்திலை எங்களுக்கு ஒண்டுமேயில்லை. வெறுமை. கீழ்ப்பக்கத்தைக் காப்பாத்தத்தான் மேல்பக்கத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தனாங்கள். நீங்கள் ரெண்டு பக்கமும் கேட்டியள், நாங்கள் ரெண்டு பக்கமும் மாட்டம் எண்டனாங்கள்."

"அப்ப உங்க ஊர்ப் புதுப் பெட்டி? குளிர்ல கீழ எறங்குமே?"

"உள்ளுக்கை சின்னதா ஒரு சூடாக்கி வைச்சா முடிஞ்சுது. சூட்டைக் குறைக்கிறதுதான் பெரும்பாடு அண்ணை. கூட்டுறது சுகம். எங்கட ஆக்கள் ரோட்டையே சூடாக்கிறவை."

மறுமுனையில் 1308 என்று எழுதினார். பத்து நானோமீட்டர். நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சித்திரைக்குத் தாங்கும்.

அண்ணை என்று கூப்பிட்டதைக் கவனித்தேன். அது அவர்கள் வழக்கம். அதனால் பேச்சுவார்த்தையில் எந்தப் பாதிப்பும் இல்லை.

மூன்று நாளாக நாங்கள் இருவரும், எங்களுக்கு முன்னால் இரண்டு வருடமாக வேறு யார் யாரோ சண்டை போட்ட விஷயம், அவருடைய தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இதில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது ரகோத்தமன் சாரின் முகம்தான் தெரிந்தது. அவரைக் கூப்பிடவில்லை. அங்கே அவருக்குச் சாப்பாட்டு நேரம். தொந்தரவு செய்யக் கூடாது.

செண்பகத்தைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "அந்த அம்மா இயற்பியல் நல்லாப் படிச்சிருக்காங்க" என்றாள். "நீங்களும்தான். கொஞ்சம் லேட்டு."

பிப்ரவரி 10, வெள்ளி

காலையில் சுகிர்தாவும் நானும் சேர்ந்து 1298 முதல் 1308 வரை என்ற திருத்தத்தைக் கொடுத்தோம். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அறை முழுக்க முணுமுணுப்பு.

பின் வரிசையிலிருந்து ஓர் ஆஸ்திரியர் எழுந்தார். உயரமான மனிதர், முகத்தில் சிரிப்பே கிடையாது. "இந்த இருவரும் வாரம் முழுக்க நமக்குப் புரியாத ஒரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை வரை திரு. தங்காவால் 1290-ஐ விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடுகிறார். இடையில் நடந்தது என்ன? அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்றார்.

நியாயமான கேள்வி. அல்மெய்டா என்னைப் பார்த்தார்.

இதற்கு ஒரு நல்ல பதில் தயாராக வைத்திருந்தேன். 'பரஸ்பர நல்லெண்ணத்தின் அடிப்படையில், நீண்டகாலப் பொதுநலன் கருதி' என்று ஆரம்பிக்கும். எழுந்து நின்றேன். கூட்ட அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. அப்படியும் தலையில் மங்கி குல்லா இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கழற்றினேன். அதோடு அந்த நல்ல பதிலும் போய்விட்டது.

"எங்கள் ஊரில் குளிர்காலம் கிடையாது" என்றேன்.

மேலே சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். திங்கட்கிழமை நான் காட்டிய அட்டவணையில் இருந்த மைனஸ் பத்து டிகிரி எங்கள் ஊரில் அளந்ததல்ல. வேறு ஒரு தாளிலிருந்து வந்தது. வராத குளிருக்காகத்தான் நான் இத்தனை நாளும் எட்டு நானோமீட்டர் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் சுகிர்தா கேட்ட பிறகுதான் அளக்கச் சொன்னேன். விடியற்காலையில் இருபத்தொன்பது டிகிரி. அளந்தது என் மனைவி. அவர் இயற்பியல் ஆசிரியை.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மேசை மேசையாகச் சிரிப்பு பரவியது. அல்மெய்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. உட்காரலாமா, அப்படியே நடந்து வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். வெளியே போனால் குளிர்.

ஆஸ்திரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும், "என் அட்டவணையில் பிளஸ் எண்பத்தைந்து இருக்கிறது. எங்கள் பெட்டிகள் நிலவறையில் இருக்கின்றன. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை" என்றார். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, "என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று உட்கார்ந்தார்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பலர் தங்கள் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திருத்தம் நிறைவேறியது. அல்மெய்டாவின் முகத்தில் தெரிந்த நிம்மதிக்கு எது காரணம் என்று சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் சுகிர்தா, "வடிவாச் சொன்னியள் அண்ணை" என்றார். வடிவு என்றால் நம் பக்கம் அழகு. அங்கே 'ஒழுங்காக, சரியாக' என்றும் பொருளாம். எந்தப் பொருளில் சொன்னார் என்று கேட்கவில்லை. எதுவானாலும் சரிதான்.

பிப்ரவரி 13, திங்கள்

காலை விருதுநகர் அலுவலகம். ரகோத்தமன் சார் நாற்காலியைக் காட்டவில்லை, நின்றேன்.

"உங்கள விடாக்கண்டன்னு நினைச்சேன்."

"வேண்டியத விடல சார். மேல்பக்கம் எட்டு வாங்கியாச்சு. நம்ம ஊருக்கு அதான் உசிரு."

"அதை அந்த அம்மாகிட்டச் சொல்லி வாங்கியிருக்கலாம். கூட்டத்துல எந்திரிச்சு, கம்பெனி அட்டவணை பொய்யின்னு சொல்லணுமா?"

"பொய்யின்னு சொல்லல சார். நம்ம ஊரு இல்லன்னு சொன்னேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கோபமில்லாத குரலில், "அளந்தது யாருங்கறதையுமா சொல்லணும்?" என்றார்.

அளந்தது அவள்தானே.

மதியம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கம்பெனி வகுத்துத் தந்த உத்தியின்படி பேச்சுவார்த்தை வெற்றி. கீழ்ப்பக்கம் ராஜதந்திர முறையில் விட்டுக்கொடுக்கப்பட்டது. என் பெயர் இருந்தது, கடைசிப் பத்தியில், எழுத்துப்பிழையோடு.

பிப்ரவரி 27, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. மதுரை அலுவலகத்து ஜோதிமுருகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பையன். நேரில் போய் வாழ்த்தினேன். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

செண்பகம் இரவுச் சாப்பாட்டுக்கு வடை போட்டாள். விசேஷம் எதுவும் இல்லை என்றாள்.

மார்ச் 10, வெள்ளி

அல்மெய்டாவிடமிருந்து மின்னஞ்சல். எனக்கும் ரகோத்தமன் சாருக்கும் சேர்த்து. அடுத்த பணி, வீட்டுப் பெட்டிகளின் வெப்பநிலை வரம்பை முதலிலிருந்து எழுதுவது. ஒவ்வொரு நாடும் உள்ளபடி அளந்த எண்களை மட்டுமே தர வேண்டும். அந்தப் பகுதிக்கு ஆசிரியராக என்னைப் போடச் சொல்லி முன்மொழிந்தவர் ஆஸ்திரியர். வழிமொழிந்தவர் சுகிர்தா. மறுத்தவர் எவருமில்லை. என் முழுப் பெயரை, எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். அது யார் கைவேலை என்று எனக்குத் தெரியும்.

ரகோத்தமன் சார் கூப்பிட்டு அனுப்பினார். இந்தமுறை நாற்காலியைக் காட்டினார். "போயிட்டு வாங்க" என்றார். இத்தனை அகலம் கேள், இத்தனைக்குக் குறையாதே என்று ஒரு எண்ணும் தரவில்லை. அறையை விட்டு வெளியே வந்தபிறகு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மார்ச் 11, சனி

காலையில் செண்பகத்திடம் சொன்னேன். இட்லியைத் தட்டில் வைத்தபடியே கேட்டாள்: "இந்தத் தடவை எவ்வளவு கேக்கப் போறீங்க?"

"எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். ஒண்ணுகூட அதிகமாக் கேக்க மாட்டேன்."

"அப்ப ரொம்பக் கஷ்டமாச்சே."

"ஏன்?"

"கூடக் கேக்கறதுக்கு வாய் இருந்தாப் போதும். வேணுங்கிறத மட்டும் கேக்கணும்னா, எவ்வளவு வேணும்னு முதல்ல தெரியணுமே. நம்ம வீட்டுப் பெட்டி ஒண்ணைத்தான அளந்திருக்கோம். தகரக்கூரை வீடெல்லாம்? தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம்? மேற்கப் பாத்த சுவரெல்லாம்?"

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இதை நான் யோசித்து வைத்திருந்தேன். சொல்ல வேளை வரவில்லை.

"யார் வீட்டுக்கு முதல்ல போறது?" என்றேன்.

"எதிர்வீட்டுக்குத்தான். கணக்குப்பிள்ளை உங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சாம்."

நாளை ஞாயிறு, அவளுக்கும் விடுமுறை. வெயில் நன்றாக ஏறியதும் கிளம்புவதாக ஏற்பாடு. ஏணியைக் கீழேயிருந்து நான் பிடித்துக்கொள்கிறேன். ஏறி அளப்பது அவள்.